எடு புளியங்கொட்டையை!

“பட்டறைன்னா அப்படித்தானுங்க!”

கோவை சிட்கோவிலும் இதே பேச்சு, அம்பத்தூரிலும் இதே பேச்சு, ஓசூரிலும் இதே பேச்சு. டெலிவரி தேதி தள்ளிப் போச்சா? பட்டறைன்னா அப்படித்தான். ஒரு மிஷின் முன்னால் காஸ்டிங் மலையாகக் குவிந்து கிடக்க, அடுத்த மிஷின்காரர் வேலை இல்லாமல் டீ குடிக்கப் போகிறாரா? பட்டறைன்னா அப்படித்தான். மாதக் கடைசி வந்தால் யாருக்கும் வீடு வாசல் கிடையாது. டெம்போவை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு பெயிண்ட் காயாத பம்ப்பை ஏற்றுகிறோமா? அதுவும் அப்படித்தான்!

யார் சொன்னது அப்படித்தான் என்று?

தம்பி, ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, பி.பி.சி. (உற்பத்தித் திட்டமும் கட்டுப்பாடும்) என்று பெயர் வைத்த மூலை மேஜையில் உட்கார்ந்து, ஒரு காதில் கஸ்டமர் போன், மறு காதில் முதலாளி சத்தம் என்று காலம் தள்ளுகிறாயே, உன்னிடம்தான் பேசுகிறேன். தங்கச்சி, நீயும் கேள். கத்தி வேலை வாங்குகிற இடத்தில் கணக்குப் போட்டு வேலை வாங்க வந்தவள் நீ. அந்த ‘அப்படித்தான்’ சோம்பேறியின் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். சோம்பேறி இவ்வளவு உழைக்க மாட்டான். அது பயந்தவனின் பேச்சு. “இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்கிற மூளை எனக்கு இல்லை” என்று தனக்குத் தானே எழுதிக் கொடுத்துவிட்டவனின் பேச்சு. உன் மூளையை இவ்வளவு மலிவாக எடை போட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

முதலில் எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள். 1963-ல் அமெரிக்காவில் தொழிற்சாலை அட்டவணை பற்றி ஒரு புத்தகம் வந்தது. அதில் ஃபிஷர், தாம்சன் என்ற இருவர் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுப் போனார்கள். 10 ஜாப், 10 மிஷின். எந்த ஜாப் எந்த மிஷினுக்குப் பிறகு எந்த மிஷினுக்குப் போக வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மொத்த வேலையையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்? கேள்வி இவ்வளவுதான். அந்தக் கணக்கில் மிஷின் ரிப்பேர் கிடையாது, ஆள் லீவு கிடையாது, கரண்ட் கட் கிடையாது, “அந்த ஆர்டரை முதல்ல தள்ளுங்க” என்று போன் கிடையாது. கணக்கு மேதைகள் வரிசையாக வந்து மோதினார்கள். விடை 930, அதற்குக் கீழே போகவே முடியாது என்று கார்லியே, பின்சோன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் நிரூபித்தது 1989-ல். 26 வருடம்! ஏன் இவ்வளவு நாள்? ஒரு மிஷினில் 10 ஜாப்பை வரிசைப்படுத்த 36,28,800 வழி இருக்கிறது. 10 மிஷினுக்கும் சேர்த்துப் பெருக்கிப் பார்; 66 இலக்கத்தில் போய் நிற்கும். அதில் பெரும்பகுதி நடக்காத வரிசை என்று தள்ளிவிட்டாலும், மிச்சத்தை உட்கார்ந்து எண்ணி முடிக்க யாராலும் ஆகாது.

நீ தினமும் காலையில் வந்து, 14 மிஷினில் 30 ஜாப்பை ஓட்டுகிறாய். ரிப்பேரோடு ஓட்டுகிறாய், லீவோடு ஓட்டுகிறாய், அந்தப் போனையும் எடுத்துக்கொண்டே ஓட்டுகிறாய். சாயங்காலம் நாலு ஜாப் தவறிவிட்டால் “நான் லாயக்கில்லை” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறாய். அடேய், மேதைகளுக்கு 26 வருடம் தண்ணி காட்டிய வகைக் கணக்கோடு நீ தினமும் மல்லுக்கட்டுகிறாய். நிமிர்ந்து உட்கார்!

நிமிர்ந்தாச்சா? சரி. இப்போது உன் தலைக்குள் இருக்கும் பட்டறையை வெளியே எடுத்துக் காகிதத்தில் வை. எக்செல்லில் கலர் கலராக நீ போட்டு வைத்திருக்கும் பார் சார்ட்டைச் சொல்லவில்லை. அது என்றைக்கு எது நடக்கும் என்று சொல்லும். காலை பத்து மணிக்கு ஒரு லாரி வராவிட்டால் அத்தனை பட்டையும் பொய்யாகிவிடும். எது எதற்காகக் காத்து நிற்கிறது என்று அது சொல்லாது. உன் பட்டறையின் வியாதி முழுக்கக் காத்திருப்பில்தான் இருக்கிறது. காத்திருப்பை வரைகிற படம் ஒன்று உண்டு. அதன் பெயர் பெட்ரி வலை.

அதை உண்டாக்கிய கார்ல் ஆடம் பெட்ரி 1926-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். பையனுக்கு வேதியியல் பைத்தியம். எந்தப் பொருளோடு எது சேர்ந்தால் எது உண்டாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வட்டமும் கட்டமுமாகப் படம் போட ஆரம்பித்தார். அது 1939 ஆகஸ்ட். அப்போது அவருக்கு வயது 13 என்று அவரே பின்னாளில் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் உலகப் போர் மூண்டது. வளர்ந்ததும் அவரையும் படையில் சேர்த்தார்கள். பிரிட்டிஷாரிடம் போர்க் கைதியானார். திரும்பி வந்து கணிதம் படித்து, 1962-ல் முனைவர் பட்ட ஆய்வாக இந்தச் சிந்தனையை உலகத்தின் முன் வைத்தார். இன்று ஆட்டோமேஷன் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. 13 வயதுப் பையன் படம் போட்டுப் புரிந்துகொண்டானே, 25 வயதில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிக்கிற உனக்கு அது எட்டாதா?

படம் போட நாலே சரக்கு. வட்டம் என்றால் ஒரு நிலைமை: ‘இம்பெல்லர் ரெடி’, ‘மிஷின் காலி’, ‘ஆள் சும்மா இருக்கிறார்’. குட்டையான தடித்த கோடு என்றால் ஒரு வேலை நடப்பது: ‘டர்னிங்’, ‘அசெம்பிளி’, ‘டெஸ்டிங்’. வட்டத்திலிருந்து கோட்டுக்கும், கோட்டிலிருந்து வட்டத்துக்கும் அம்புக்குறி. வட்டத்துக்குள் எத்தனை இருக்கிறது என்று காட்டப் புள்ளி. புள்ளி வைத்து அழித்து அழித்துக் காகிதம் கிழிந்துவிடும். அதனால் வீட்டிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை எடுத்து வா. ஒரு சார்ட் பேப்பர், ஒரு பென்சில், புளியங்கொட்டை. முதலீடு அவ்வளவுதான். சட்டமும் ஒன்றே ஒன்று: ஒரு கோட்டுக்குள் நுழைகிற வட்டங்கள் எல்லாவற்றிலும் கொட்டை இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். நடந்தால் உள்ளே வருகிற ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கொட்டையை எடு, வெளியே போகிற ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றை வை.

மோனோபிளாக் பம்ப் அசெம்பிளியைப் போட்டுப் பார்ப்போம். ‘அசெம்பிளி’ என்ற கோட்டுக்குள் ஐந்து வட்டம் நுழைகிறது: மோட்டார், பாடி, இம்பெல்லர், மெக்கானிக்கல் சீல், அசெம்பிளிக்காரர். வெளியே இரண்டு: ‘டெஸ்டிங்குக்கு ரெடி’, மறுபடி அசெம்பிளிக்காரர். அவர் வேலை முடித்ததும் தன் வட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும் அல்லவா? இப்போது ஸ்டோரில் போய் எண்ணி வந்து கொட்டையை வை. மோட்டார் 25. பாடி 30. இம்பெல்லர் 80. சீல் 6. ஓட்டு. ஆறு பம்ப் முடியும், ஏழாவதுக்கு வலை நின்றுவிடும். இம்பெல்லர் வட்டத்தில் மட்டும் 74 கொட்டை குவிந்து கிடக்கும். நேற்று ராத்திரி ஓவர்டைம் போட்டு என்ன ஓட்டினாய்? இம்பெல்லர்! ஏன்? “மிஷின் சும்மா நிக்கக் கூடாதுன்னு முதலாளி சொன்னாருங்க.” அந்த 74 இம்பெல்லரில் செத்துக் கிடப்பது அவருடைய பணம், உன் ஆட்களின் தூக்கம். இதை நீ வாயால் சொன்னால் அவர் உன்னைத் திட்டுவார். மேஜையில் சார்ட்டை விரித்து, கொட்டையை நகர்த்திக் காட்டிப் பார். எந்த முதலாளிக்கும் எண்ணத் தெரியும்.

காட்டியதோடு நிற்காதே, வைத்தியமும் அதே படத்தில் இருக்கிறது. இம்பெல்லர் டர்னிங் என்ற கோட்டுக்குள் நுழைகிற மாதிரி இன்னொரு வட்டம் போடு: ‘காலிப் பெட்டி’. அதில் 20 கொட்டை. இம்பெல்லர் செய்யும்போது ஒரு காலிப் பெட்டி போகும். அசெம்பிளியில் எடுத்ததும் அந்தப் பெட்டி காலியாகித் திரும்பி வரும். இனி எந்த நேரத்திலும் 20-க்கு மேல் இம்பெல்லர் சேரவே சேராது. பெட்டி இல்லையா, மிஷின் நிற்கட்டும். ஆள் சீல் வாங்கி வரவோ பாடிக்குப் பர் எடுக்கவோ போகட்டும். டொயோட்டாவில் தைச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டையை இந்த வலையில் வரைந்தால் இதே படம்தான் வரும். அவருக்குப் புரிந்தது உனக்கும் புரிந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆச்சு?

அடுத்தது காலக் கணக்கு. இதை மட்டும் நிதானமாகப் படி. உன் சம்பளத்தை ஏற்றப் போவது இந்தப் பத்திதான்.

ஒரு வி.எம்.சி. மில்லிங் மிஷின் இருக்கிறது. பீஸைப் பிடித்துக்கொள்கிற பிக்சரில் அதை வைத்து இறுக்க 5 நிமிடம். அதை வெளியே மேஜையில் வைத்தே செய்கிறாய். பிக்சரை மிஷினில் மாட்டி ஓட்டி எடுக்க 12 நிமிடம். கழற்றித் துடைத்து அளந்து பார்க்க 3 நிமிடம். பிக்சர் ஒன்றே ஒன்று. அந்தப் பிக்சரின் பயணத்தை வரை: ஏற்று, ஓட்டு, இறக்கு, மறுபடி ஏற்று. ஒரு வளையம் வந்துவிட்டது. வளையத்தைச் சுற்ற 20 நிமிடம். அதில் ஓடுவது ஒரு கொட்டை. 20-ஐ 1-ஆல் வகுத்தால் 20. ஒரு பீஸுக்கு 20 நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் 24 பீஸ். மிஷின் கிட்டத்தட்டப் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்று முதலாளி குதிக்கிறார், இன்னொரு வி.எம்.சி. வாங்கலாமா என்று பேங்க் மேனேஜரைப் பார்க்கவும் கிளம்புகிறார்.

நிறுத்து அவரை. இன்னொரு பிக்சர் செய். இப்போது பிக்சர் வளையத்தில் இரண்டு கொட்டை: 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10 நிமிடம். ஆனால் மிஷினுக்கும் ஒரு வளையம் உண்டு: காலியாக இருக்கும், 12 நிமிடம் ஓடும், மறுபடி காலியாகும். அதில் ஒரே கொட்டை; 12-ஐ 1-ஆல் வகுத்தால் 12. ஆபரேட்டருக்கும் ஒரு வளையம்: ஏற்ற 5, இறக்க 3, மொத்தம் 8. மூன்று வளையம், மூன்று எண்: 10, 12, 8. இதில் எது பெரிசோ அதுதான் உன் லைனின் வேகம். 12 நிமிடத்துக்கு ஒரு பீஸ், ஷிப்டுக்கு 40. ஒரே ஒரு பிக்சர் செலவில் 24 எங்கே, 40 எங்கே!

மூன்றாவது பிக்சர் செய்தால்? பிக்சர் வளையம் ஏழு நிமிடத்துக்கும் கீழே இறங்கும். மிஷின் வளையம் 12-லேயே நிற்கும். அதே 40. மூன்றாவது பிக்சரில் போடும் காசு குப்பை. சரி, நல்ல டூல் போட்டு, புரோகிராமைத் திருத்தி, மிஷின் நேரத்தை 9 ஆக்கினால்? இரண்டு பிக்சர் வளையம் 17-ஐ 2-ஆல் வகுத்து எட்டரை, மிஷின் 9, ஆபரேட்டர் 8. ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று, 53 பீஸ். இன்னும் கீழே, மிஷின் நேரத்தை 7 ஆக்கு பார்ப்போம். பிக்சர் ஏழரை, மிஷின் 7, ஆபரேட்டர் 8. இனிமேல் லைனை இழுத்துப் பிடிப்பது ஆள்தான்; அங்கே ஒரு ஹெல்பர் போட்டால் பலிக்கும், இன்னும் விலையுயர்ந்த டூல் பலிக்காது. எந்தக் கன்சல்டன்டும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வளையத்தைக் கண்டுபிடி, நேரத்தைக் கூட்டு, கொட்டையால் வகு, பெரிய எண்ணைப் பார்.

இந்த வகுத்தல் கணக்குக்குப் பின்னால் கனமான நிரூபணங்கள் இருக்கின்றன. பெட்ரி வலைக்கு நேரத்தைச் சேர்த்து 1974-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வேடு எழுதியவர் ராம்சந்தானி. 1980-ல் இந்தச் சுற்று நேரக் கணக்கை விரிவாக எழுதியவர்கள் ராமமூர்த்தி, ஹோ. பெயர்களை வாய்விட்டுப் படி. அந்நியமாகத் தெரிகிறதா?

“அதெல்லாம் பெரிய படிப்புக்காரங்களுக்குங்க, நமக்கு இங்கிலீஷே தகராறு” என்று ஒரு முனகல் கேட்கிறது. 1992-ல் விஸ்வநாதம், நரஹரி என்ற இரண்டு பேராசிரியர்கள் தானியங்கி உற்பத்தி முறைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். அதில் பெட்ரி வலைக்குப் பெரிய பங்கு. உலகமெங்கும் படித்தார்கள். எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்? பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில். கோவையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்! அதையும் விடு. உன் பட்டறையில் பி.எல்.சி. பேனல் இருக்கிறதா? அதில் எஸ்.எப்.சி. என்று கட்டமும் கோடுமாகப் படம் போட்டு புரோகிராம் எழுதுகிற முறை ஒன்று உண்டு. 1977-ல் பிரெஞ்சுக்காரர்கள் பெட்ரி வலையிலிருந்து எடுத்துச் செய்த ‘கிராஃப்செட்’டின் வாரிசு அது. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் அதில் தினமும் வேலை செய்கிறார்கள். பெட்ரியின் பேரப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்ரி எனக்கு எட்டாதவர் என்று நீ அழுகிறாய்!

இனி உன் பட்டறையின் பெரிய பேய்க்கு வருவோம். எல்லா மிஷினும் நன்றாக இருக்கிறது, எல்லா ஆளும் வந்திருக்கிறார்கள், மெட்டீரியல் இருக்கிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. பார்த்திருக்கிறாய்தானே?

இருநூறு கிலோ வால்வு பாடி. கிரேன் இல்லாமல் தூக்க முடியாது. இரண்டு மிஷின்: லேத்து ஒன்று, போரிங் ஒன்று. முதல் ரகம் லேத்துக்குப் போய்ப் பிறகு போரிங்குக்கு வரும். இரண்டாவது ரகம் போரிங்கில் ஆரம்பித்து லேத்தில் முடியும். காலையில் முதல் ரகத்தை லேத்தில் ஏற்றினார்கள். போரிங் சும்மா நிற்கக் கூடாது என்று இரண்டாவது ரகத்தை அங்கே ஏற்றினார்கள். இரண்டும் முடிந்தது. லேத்தில் இருப்பது போரிங் காலியாகக் காத்திருக்கிறது. போரிங்கில் இருப்பது லேத்து காலியாகக் காத்திருக்கிறது. கிரேன்காரர் நடுவில் நிற்கிறார். லேத்துக்காரர் போரிங்காரரைத் திட்டுகிறார், அவர் இவரைத் திட்டுகிறார். யார் மேல் தப்பு? ஒருவர் மேலும் இல்லை! அதுதான் டெட்லாக். “நாங்க ஒண்ணைத் தூக்கிக் கீழ வச்சுடுவோம்” என்பாய். வைப்பாய், நடக்கிற வழியை அடைத்துக்கொண்டு, மெஷின் செய்த பரப்பில் கீறல் விழ, கிரேன் நேரம் இரண்டு மடங்காக. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரோபோ ஏற்றி இறக்குகிற செல்களில் அந்த வசதியும் இல்லை. வைக்க இடம் கொடுக்காவிட்டால் ரோபோ அப்படியே நிற்கும்.

கத்தினால் இது தீருமா? ‘அர்ஜெண்ட்’ என்று சிவப்பு டேக் கட்டினால் தீருமா? அந்த அர்ஜெண்ட் டேக் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. பத்து ஜாப்பில் எட்டுக்குச் சிவப்பு டேக் கட்டியிருந்தால், உண்மையில் டேக் கட்டப்பட்டிருப்பது மிச்ச இரண்டுக்குத்தான்.

சார்ட்டை விரி. கொட்டையை நகர்த்தி அந்த நிற்கிற நிலைக்குக் கொண்டு வா. எந்த இரண்டு வட்டத்தில் சேர்ந்து கொட்டை இருந்தால் மாட்டுகிறது? ‘முதல் ரகம் லேத்தில்’, ‘இரண்டாம் ரகம் போரிங்கில்’. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது. மற்ற எல்லாம் நடக்கலாம். புதிதாக ஒரு வட்டம் போடு, அதில் ஒரே ஒரு கொட்டை வை. எந்த ரகமானாலும் சரி, தன் முதல் மிஷினில் ஏறும்போது அந்தக் கொட்டையை எடுக்க வேண்டும். இரண்டாவது மிஷினுக்கு மாறியதும் திருப்பி வைக்க வேண்டும். முடிந்தது வேலை. எப்படி வேண்டுமானாலும் ஓட்டிப் பார், இனி மாட்டாது. 1995-ல் ஸ்பெயின் நாட்டுச் சரகோசா பல்கலைக்கழகத்தில் எஸ்பெலேட்டா, கொலோம், மார்த்தினெஸ் மூவரும் இப்படிக் கட்டுப்பாட்டு வட்டம் சேர்த்து டெட்லாக்கைத் தடுக்கிற முறையைப் பெரிய செல்களுக்கும் பொதுவாக எழுதி வைத்தார்கள்.

பட்டறையில் இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? ஒரு பித்தளை வில்லையை வெட்டி, ஓட்டை போட்டு, கிரேன் தூணில் ஆணி அடித்து மாட்டு. வில்லை கையில் இல்லாமல் கிரேன்காரர் புது ஜாப்பை ஏற்றக் கூடாது. மீட்டர் கேஜ் காலத்தில் சிங்கிள் லைன் ஸ்டேஷன்களைப் பார்த்தவர்களைக் கேள். டிரைவர் கையில் இரும்பு உருண்டை டோக்கன் வாங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்கு ரயில் நகராது. ஒரு பாதை, ஒரு டோக்கன். எதிரே இன்னொரு ரயில் வரவே வழியில்லை. லட்சக்கணக்கான பேரின் உயிரை ஓர் உருண்டை காத்தது. உன் வால்வு பாடியை ஒரு வில்லை காக்காதா?

இப்போது உனக்கு ஆவேசம் வந்திருக்கும். வரட்டும். அதைக் கொண்டுபோய் மொத்த ஃபேக்டரியையும் ஒரே படத்தில் போட உட்காராதே. 14 மிஷின், 30 ஜாப், கிரேன், பெட்டி, ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் வலையில் வரக்கூடிய நிலைகள் கட்டுக்கடங்காமல் வெடித்துப் பெருகும். பெரிய கம்ப்யூட்டரும் மூச்சுத் திணறும். ஃபிஷர்–தாம்சன் கணக்கு ஏன் 26 வருடம் எடுத்தது என்று பார்த்தாயே, அதே பூதம்தான் இதுவும். 1994-ல் அமெரிக்காவில் லீ, டிசெசாரே இருவரும் பெட்ரி வலையில் அட்டவணை தேடியபோதும் எல்லா நிலையையும் பார்க்கவில்லை. மிச்சம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லதாகத் தெரிகிற கிளைகளை மட்டும் விரித்துப் போனார்கள். நீயும் அதைச் செய். உன்னை அதிகம் அழ வைக்கிற ஒரு மூலையை எடு: ஒரு வி.எம்.சி., அதன் பிக்சர். அல்லது ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் உலை, அதற்கு முன்னால் சேருகிற குவியல். பத்து வட்டத்துக்குள் அடக்கு. அது கைவசமானால், ஜாப்புக்கு ஒரு நிறம் என்று பாசிமணி வைத்து ஓட்டு. டென்மார்க்கின் குர்ட் ஜென்சன் வண்ண வலை என்று இதைத்தான் வளர்த்தெடுத்தார். அவர் குழு உண்டாக்கிய சி.பி.என். டூல்ஸ், பிரான்சின் டினா எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொட்டையில் ஓடாத எதையும் மென்பொருளில் ஓட்டாதே. இது என் பிடிவாதம்.

பயம் இன்னொன்று பாக்கி இருக்கிறது, எனக்குத் தெரியும். ஃபோர்மேன் அண்ணன் சிரிப்பார். “முப்பது வருஷமா இந்த லைனை ஓட்டறேன், புளியங்கொட்டை வச்சு எனக்கு வித்தை காட்டறியா தம்பி?” என்பார். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து சார்ட்டைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டாயானால், உன்னைவிடக் கோழை யாரும் இல்லை. அவர் எதிரே உட்கார். “அண்ணா, இந்த லைன்ல எது எதுக்காக நிக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்க, நான் வரையறேன்” என்று கேள். அவர் சொல்கிற வார்த்தையையே வட்டத்துக்குப் பெயராக வை. அவர் ‘அந்த மூலை ரேக்கு’ என்றால் ‘மூலை ரேக்கு’ என்று எழுது. ‘இடைநிலைச் சேமிப்பு’ என்று புத்தகத் தமிழில் எழுதி அவரைத் துரத்தாதே. அந்த ரேக்கில் எத்தனை பீஸ் அடங்கும், எந்த பிக்சரின் கிளாம்ப் தேய்ந்திருக்கிறது, மழைக் காலத்தில் எந்த மிஷின் டிரிப் ஆகும் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. எந்தப் பேராசிரியருக்கும் அது கிடைக்காது. சொல்ல ஆரம்பித்து நாலாவது வட்டத்துக்கு வருவதற்குள் அவரே கொட்டையை எடுத்து நகர்த்துவார், பார்.

நேரத்தை ஊகித்து எழுதாதே. வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, மிஷின் பக்கத்தில் நின்று அள. முதல் ஷிப்டில் அளந்ததை ராத்திரி ஷிப்டில் இன்னொரு தடவை அள. பகலில் 12 நிமிடம் என்பது ராத்திரியில் 15 ஆக இருக்கும், ஸ்டோர் பூட்டியிருக்கும், டூல் மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு வட்டம் போடு: ‘ஸ்டோர் சாவி’. அதில் கொட்டை இல்லாத நேரத்தில் உன் வலை எங்கே நிற்கிறது என்று பார். பார்த்ததும் சார்ட்டைச் சுவரில் ஒட்டு, ஆபீஸ் ரூமில் வேண்டாம், மிஷின்களுக்கு நடுவில் ஒட்டு. பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிடு. ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர் வந்து, “இந்த அம்புக்குறி தப்புங்க, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சாத்தான் பிக்சர் காலியாகும்” என்று சொன்னால் வாதாடாதே. அந்தப் பென்சிலை அவர் கையில் கொடு.